பெட்ரோல் வால்வை எங்கே வைப்பது?

கேள்வி: டெக்சஸில் இருக்கும் என் மைத்துனர் வீட்டு கராஜிலேயே ஆர்வி-7 என்ற கிட் விமானம் (பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்வது) கட்டுகிறார். ரெக்கை, வால் எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது மாதக்கணக்கில் அட்டையை வெட்டி வெட்டி காக்பிட்டில் ஒட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கேட்டால், எது எங்கே வரணும்னு யோசிக்கிறேன் என்கிறார். கிட் விற்கிறவர்களே அதைச் சொல்லிவிட மாட்டார்களா?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: சொல்வார்கள், ஆனால் பாதிதான். உடம்பும் ரெக்கையும் வரைபடப்படி வந்துவிடும். எந்த எஞ்சின், எந்த ப்ரொபெல்லர், எத்தனை திரை, எந்த ரேடியோ என்பதெல்லாம் கட்டுகிறவர் இஷ்டம் என்பதால், அவற்றை எங்கே மாட்டுவது என்ற தலைவலியும் பெரும்பாலும் அவருக்குத்தான். அமெரிக்கச் சட்டப்படி இந்த வகை விமானத்தில் பாதிக்கு மேற்பட்ட வேலையைத் தனிநபர்கள் கற்றுக்கொள்ளவோ ஆசைக்கோ செய்திருக்க வேண்டும். வரைபடத்தை மாற்றிக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமை உண்டு, வில்லங்கம் வருவது அங்கேதான்.

அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவில் மான்டெரே அருகே கடலில் விழுந்து இறந்தாரே, அந்த விமானமும் ஒருவர் வீட்டில் கட்டியதுதான். பர்ட் ரூட்டன் வடிவமைத்த லாங்-ஈஸி. டென்வர் அதைக் கட்டவில்லை, கைமாறி வந்ததை வாங்கினார். எந்த டாங்கிலிருந்து பெட்ரோல் வர வேண்டும் என்று திருப்பும் வால்வு, வடிவமைப்பின்படி விமானியின் கால்களுக்கு நடுவே முன்னால் இருக்க வேண்டியது. கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். அதைத் தொட வேண்டுமானால் வலது கையை விமானத்தை ஓட்டும் ஸ்டிக்கிலிருந்து எடுத்து, உடம்பை முறுக்கி, இடது தோளுக்கு மேலாக நீட்ட வேண்டும். அப்படி முறுக்கும்போது வலது கால் தன்னையறியாமல் மூக்கை இடம் வலமாகத் திருப்பும் ரடர் பெடலை அழுத்தும். பெட்ரோல் அளவு பார்க்கும் குழாய்களும் முதுகுக்குப் பின்னால், அதில் அளவுக் கோடுகூடக் கிடையாது. புறப்படும் முன் ஒரு மெக்கானிக் அதைப் பார்ப்பதற்கென்று ஒரு கண்ணாடி கொடுத்தார்! வால்வைத் திருப்பப் போய்க் கவனம் சிதறி ரடரை அழுத்தியதும், பெட்ரோல் நிரப்பாமல் கிளம்பியதும்தான் காரணம் என்று விசாரணை வாரியம் சொன்னது, சரிதான். ஆனால் எட்டாத இடத்தில், அடையாளம் எழுதாமல் வால்வை வைத்ததையும் சேர்த்தே எழுதியது.

அதனால் உங்கள் மைத்துனர் அட்டை ஒட்டுவதைக் கேலி செய்யாதீர்கள். இன்னொன்றும் செய்யச் சொல்லுங்கள். சீட்டில் மெத்தை போட்டு உட்கார்ந்து, பெல்ட்டை இறுக்கி, ஹெட்செட்டையும் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடியபடி வால்வு, மொத்த மின்சாரத்தையும் அணைக்கும் மாஸ்டர் ஸ்விட்ச், கதவுத் தாழ்ப்பாள் மூன்றையும் தொட்டுப் பார்க்கட்டும். பெல்ட் போடாமல் எட்டுவதெல்லாம் கணக்கில் சேராது. பேனல் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம் (எல்லாரும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள்).

கேள்வி: பேட்டரியை எஞ்சின் பக்கம் வைப்பது நல்லதா, வால் பக்கமா?
— ஏரோநாட்டிக்கல் மாணவர், சென்னை

பதில்: மூக்கில் என்ன மாட்டியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கனமான எஞ்சினும் உலோக ப்ரொபெல்லரும் என்றால் பேட்டரி பின்னால் போனால் தேவலை. மர ப்ரொபெல்லர் என்றால் முன்னாலேயே இருக்கட்டும். சீசா பலகைக் கணக்குதான் இது. 7 கிலோ பேட்டரியை 2 மீட்டர் பின்னால் தள்ளினால் 500 கிலோ விமானத்தின் ஈர்ப்பு மையம் ஏறக்குறைய 2.8 செ.மீ. பின்னால் நகரும். இவ்வளவுதானா என்று நினைக்காதீர்கள், ஆர்வி-7 போன்ற வண்டியில் அந்த மையம் இருக்கலாம் என்று விட்டிருக்கும் இடமே மொத்தம் சுமார் 20 செ.மீ., அதில் பெட்டி படுக்கைக்கும் பக்கத்து சீட்காரருக்கும் இடம் மிச்சம் வேண்டும். வால் கனத்தால் விமானம் நிலையில்லாமல் ஆடும், சுழன்றபடி கீழே விழும் ஸ்பின்னில் மாட்டினால் மீள்வது கஷ்டம். இன்னொரு விஷயம், பின்னால் வைத்தால் ஸ்டார்ட்டர் வரை தடிமனான கேபிள் இழுக்க வேண்டும், அதன் எடையையும் மறக்காமல் கூட்டுங்கள். பேட்டரி மின்சாரத்தை மொத்தமாகத் துண்டிக்கும் மாஸ்டர் கான்டாக்டர் பேட்டரியை ஒட்டியே இருக்கட்டும். அப்போதுதான் அணைத்தவுடன் அந்த நீளக் கேபிள் முழுக்க மின்சாரம் இல்லாமல் போகும்.

கேள்வி: திசைகாட்டும் மேக்னட்டோமீட்டரை ரெக்கை நுனியில் வைக்கிறார்களே, ஏன்?
— அதே மாணவர்

பதில்: பூமியின் காந்தத்தை உணர்ந்து திசை சொல்லும் கருவி அது. இரும்பிலிருந்தும் அதிக மின்சாரம் ஓடும் ஒயரிலிருந்தும் தள்ளி வைக்கத்தான். ஆட்டோபைலட் மோட்டார், ஸ்டீல் திருகு எல்லாமே அதைக் குழப்பும். ஆனால் ரெக்கை நுனியிலும் லேண்டிங் லைட் இருக்கலாம், எனவே கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். துளை போடும் முன்னால் டேப்பால் ஒட்டிவைத்து, பக்கத்தில் ஒரு சாதாரண காம்பஸை வைத்துக்கொண்டு, விளக்கு, மோட்டார் ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்துப் பாருங்கள். முள் நகர்ந்தால் வேறு இடம் தேடுங்கள். திருகு பித்தளையா என்பதையும் கையில் ஒரு காந்தம் வைத்து ஒட்டிப் பார்த்துவிடுங்கள், கடைக்காரர் சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பறக்க ஆரம்பித்த பிறகு இடம் மாற்றலாமா?
— ஒரு வாசகர், கோவை

பதில்: மாற்றலாம். எடையையும் ஈர்ப்பு மையத்தையும் திரும்பக் கணக்குப் போட்டு, விமானத்தின் பதிவேட்டிலும் எழுதிவிட்டுத்தான் பறக்க வேண்டும். பெரிய மாற்றமென்றால் சோதனைப் பறப்பும் உண்டு.