சர்க்கரை நோய் உள்ளவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதால் உண்மையில் பயன் உண்டா?

மூன்று மாதத்துக்கு முன்னால்தான் உங்களுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது, வீட்டில் எல்லோரும் உங்கள் தட்டையே பார்க்கிறார்கள், இதே நோய் உள்ளவர்களோடு பழகினால் நல்லதா, இல்லை வீண் பயம்தான் கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தத் "தட்டையே பார்க்கிறார்கள்" என்ற வார்த்தைதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. நீங்கள் சாப்பிடும் நேரத்தில் ஒருவர் பேச்சை நிறுத்துவார், இன்னொருவர் பாத்திரத்தை மெல்ல அந்தப் பக்கம் நகர்த்துவார். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. ஆனாலும் அந்த வாய் சாப்பாடு தொண்டையில் நிற்கும். எனக்கு நின்றிருக்கிறது.

பயன் உண்டு. என் விஷயத்தில் அது பயன் என்று சொல்லும் அளவில் நிற்கவில்லை, நான் உயிரோடு இருப்பதிலேயே அதற்குப் பங்கு இருக்கிறது. மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் முழுவதையும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், முப்பத்து நான்கு வயதில் எனக்குச் சர்க்கரை என்றார்கள். வயதைப் பார்த்து இரண்டாம் வகை என்று எழுதி மாத்திரை கொடுத்தார்கள். நான் சொன்னதைச் சொன்னபடி செய்பவள். இனிப்பை விட்டேன், மாவுச்சத்தைப் பாதியாகக் குறைத்தேன், தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடந்தேன். ஆறேழு மாதம் சரியாக இருந்தது. அப்புறம் ஏற ஆரம்பித்தது. மாத்திரை ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகியது. உடம்போ இளைத்துக்கொண்டே போனது. ஒன்றரை வருஷத்தில் ஒன்பது கிலோ. ஒவ்வொரு முறை போகும்போதும் மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்பார்: "வீட்டில் என்ன சாப்பிடுறீங்க, உண்மையைச் சொல்லுங்க." உண்மையைத்தான் சொன்னேன். அவர் நம்பவில்லை. கொஞ்ச நாளில் என் கணவரும் நம்பவில்லை. அதற்கப்புறம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தூக்கத்தில் எழுந்து ஏதாவது சாப்பிடுகிறேனோ என்று சமையலறைக் கதவில் நூல் கட்டி வைத்துப் பார்த்திருக்கிறேன். காலையில் நூல் அறுபடாமல் அப்படியே இருக்கும். சர்க்கரை பார்க்கும் மிஷினில் 280 காட்டும்.

அப்படி ஒரு நாள் காத்திருக்கும் இடத்தில் பக்கத்து நாற்காலியில் ஒரு கல்லூரிப் பெண் உட்கார்ந்திருந்தாள். பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்தாள், சட்டையைக் கொஞ்சம் தூக்கினாள், வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டாள், மனசுக்குள் பத்து வரை எண்ணிவிட்டு எடுத்தாள். எல்லாம் அரை நிமிஷம். நான் பார்ப்பதைக் கவனித்துச் சிரித்தாள். ஒன்பது வயதிலிருந்து அவளுக்கு முதல் வகை. எத்தனை வருஷமாச்சு என்று என்னைக் கேட்டாள். சொன்னேன். இளைத்த கதையையும் சொன்னேன், நூல் கட்டிய கதையையும் சொன்னேன். அதை அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. அவள் சிரிக்கவில்லை. "அக்கா, உங்களுக்கு சி-பெப்டைடு பார்த்தாங்களா? ஜிஏடி ஆன்டிபாடி?" என்று கேட்டாள்.

அந்தப் பெயர்களையே அன்றுதான் முதலில் கேட்டேன். முதலாவது, உடம்பு எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை. இரண்டாவது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்குகிறதா என்று காட்டுவது. தாளின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தாள். "நான் டாக்டர் இல்லக்கா. எனக்கு ஒண்ணும் தெரியாது. இது தேவையான்னு மட்டும் கேட்டுப் பாருங்க" என்றாள்.

உள்ளே போய்க் கேட்டேன். தேவையில்லை என்று பதில் வந்தது. வேறொரு மருத்துவரிடம் போனேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு இரண்டு சோதனையும் எழுதினார். ஜிஏடி பல மடங்கு கூடுதல். சி-பெப்டைடு அடிமட்டம். அதாவது என் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டிருந்தது. இதுதான் முதல் வகை. பெரியவர்கள் சிலருக்கு வரும்போது இது மெதுவாக நகரும். ஆரம்பத்தில் மாத்திரைக்குக்கூடக் கட்டுப்பட்டதுபோல் இருக்கும். அதனால்தான் இரண்டாம் வகை என்று தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்குத் தேவைப்பட்டது இன்சுலின். நான் பட்டினி கிடந்தால் மட்டும் அது எங்கிருந்து வரும்? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ரத்தம் அமிலமாகி மயக்கத்தில் விழுந்திருப்பேன் என்று அந்த மருத்துவர் சொன்னார். ஊசி ஆரம்பித்து நான்கு மாதத்தில் இழந்த எடை திரும்பியது. அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் அந்தத் தாளைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

இதைப் படித்துவிட்டு, இரண்டாம் வகை என்று சொல்லப்பட்ட எல்லோரும் மாத்திரையை நிறுத்திவிட்டு ஓடாதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு அது இரண்டாம் வகைதான், மாத்திரையும் நடையும் நன்றாகவே வேலை செய்யும். மருத்துவரை விட்டுவிட்டு நண்பர்களிடம் வைத்தியம் பார் என்றும் நான் சொல்லவில்லை. அந்தப் பெண் எனக்கு வைத்தியம் பார்க்கவில்லை. மருத்துவரிடம் கேட்க ஒரு கேள்வியைக் கொடுத்தாள். அதைக் கொடுக்க முடிந்ததற்கு ஒரே காரணம், நான் சொன்னதை அவள் நம்பினாள்.

அவளும் நானும் அப்படியே பழக ஆரம்பித்தோம். அப்புறம் லாரி ஓட்டும் ஒரு தம்பி சேர்ந்தார், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் சேர்ந்தார். அவரை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். நான்கு பேர்தான் இன்றுவரை. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் பார்த்த எண்ணை அனுப்புவோம். வெறும் எண் மட்டும். 118. 164. 92. கேட்டாலொழிய யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொண்டோம். அந்தப் பெண்தான் அதில் கறாராக நின்றாள். சின்ன வயதிலிருந்து எண்ணைச் சொன்ன மறுநொடி "ஏன்?" என்ற கேள்வி வந்து, கடைசியில் பொய் எண் எழுதப் பழகிவிட்டதாகச் சொன்னாள். பொய் எண்ணை வைத்துத்தான் மருத்துவர் ஊசியின் அளவை முடிவு செய்தார், ஒரு தடவை வகுப்பிலேயே மயங்கி விழுந்திருக்கிறாள்.

போன வருஷம் ஒரு ராத்திரி எனக்கு 318 காட்டியது. அன்று சாப்பாடு அளவாகத்தான் இருந்தது, ஊசியும் போட்டிருந்தேன். கை நடுங்கிவிட்டது. கூடுதல் ஊசி போட பேனாவில் ஆறு யூனிட் திருகிவிட்டேன். போடுவதற்கு முன், யாராவது விழித்திருக்கிறார்களா என்று அந்த எண்ணை அனுப்பினேன். லாரித் தம்பி எங்கோ வண்டியை ஓரங்கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அவரிடமிருந்து ஒரே வரி வந்தது: "அக்கா, கை கழுவினீங்களா?"

கழுவவில்லை. பிள்ளைக்குப் பழம் உரித்துக் கொடுத்துவிட்டு, துணியில் துடைத்த கையோடு விரலைக் குத்தியிருக்கிறேன். மிஷினுக்கு வேண்டியது ஊசிமுனை அளவு ரத்தம். அதில் பழத்தின் இனிப்பு ஒட்டியிருந்தால் அதையும் சேர்த்துத்தான் கணக்குச் சொல்லும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக ஈரம் துடைத்து, வேறு விரலின் பக்கவாட்டில் குத்தினேன். ஐந்து நொடி. 142. திருகி வைத்திருந்த பேனா மேஜைமேல் இருந்தது. அந்த ஆறு யூனிட்டைப் போட்டுவிட்டுத் தூங்கியிருந்தால் நடுராத்திரியில் சர்க்கரை எங்கே போயிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கப் பிடிக்காது. அதே 318-ஐ வீட்டில் காட்டியிருந்தால் என்ன கேட்டிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். "என்ன சாப்பிட்டே?"

சாருக்கு இருபது வருஷச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி குறைவு. ஒரு நாள் செருப்புக்குள் சிறு கல் கிடந்ததே தெரியாமல் சாயங்காலம் வரை நடந்திருக்கிறார். காலுறையில் கறை பார்த்துத்தான் தெரிந்தது. ஆற ஏழு வாரம் ஆயிற்று. அன்றிலிருந்து ராத்திரி எட்டரைக்கு எங்கள் மூவரில் ஒருவர் "சார், கால் பார்த்தாச்சா?" என்று கேட்போம். பார்த்தேன் என்று பதில் வந்தபின்தான் அடுத்த பேச்சு. குனிந்து பார்க்க முடியாது அவருக்கு, தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்.

இது புதுசு ஒன்றும் இல்லை. 1934-இல் இங்கிலாந்தில் ராபின் லாரன்ஸ் என்ற மருத்துவரும் எழுத்தாளர் ஹெச்.ஜி.வெல்ஸும் சேர்ந்து சர்க்கரை நோயாளிகளுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். இருவருக்குமே சர்க்கரை நோய் இருந்தது. லாரன்ஸ் சாகக் கிடந்த நேரத்தில்தான் இன்சுலின் வந்து அவரைக் காப்பாற்றியது. அந்தச் சங்கம் டயபெடிஸ் யூகே என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. எனக்கு இன்னும் பெரிதாகப் படுவது ஈவா சாக்ஸல் என்ற பெண்ணின் கதை. இரண்டாம் உலகப் போரின்போது ஷாங்காயில் அகதியாக மாட்டிக்கொண்டவர், அங்கே வைத்து முதல் வகை வந்தவர். கடைகளில் இன்சுலின் தீர்ந்துபோனதும் அவரும் கணவரும் ஒரு மருத்துவப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எருமைக் கணையத்திலிருந்து தாங்களே இன்சுலின் எடுத்தார்கள். முயலில் சோதித்துவிட்டு, மனிதர்களில் முதல் ஊசியை ஈவா தனக்கே போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் ஊரில் இருந்த மற்ற நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். நாங்கள் செய்வது அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஆனால் எனக்கு மனசு விட்டுப்போகும் நாட்களில் அவரைத்தான் நினைத்துக்கொள்வேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. போன மாதம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வெறும் வயிற்றோடு ஏழு மணிக்கு வரச் சொன்னார்கள். ஒன்பதரை ஆகியும் கூப்பிடவில்லை. பக்கத்தில் ஒரு வயதான அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டுகிறது, கை உதறுகிறது, பேச்சுக் குழறுகிறது. மேஜையில் இருந்தவரிடம் சொன்னால், "எதாவது சாப்பிட்டா நாளைக்குத்தான் வரணும்" என்கிறார். என்னிடம் இருந்த குளுக்கோஸ் மாத்திரையில் நான்கை அந்த அம்மா வாயில் போட்டு மென்று விழுங்கச் சொன்னேன், சண்டையும் போட்டேன். அவருக்கு எழுதியிருந்த சோதனை எது தெரியுமா? மூன்று மாதச் சராசரி பார்க்கும் ஹெச்பிஏ1சி மட்டும். அதற்கு வெறும் வயிறே தேவையில்லை, சாப்பிட்டுவிட்டே கொடுக்கலாம். ஊசி போடுபவர்களையும், சர்க்கரையைத் தாழ இறக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களையும் வரிசையில் முதலில் விட்டால் என்ன குறைந்துவிடும்? உங்களுக்கும் வெறும் வயிற்றில் சோதனை எழுதினால், அன்று காலை மருந்தை என்ன செய்வது என்று முந்தின நாளே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். சிலரோடு பழகினால் பயம் கூடத்தான் செய்யும். கால் எடுத்தவர் கதை, கண் போனவர் கதை என்று வரிசையாகச் சொல்பவர்கள் உண்டு. ஒரே கஷாயத்தில் எல்லாம் போய்விடும், ஊசியை நிறுத்து என்பவர்களும் உண்டு. இரண்டு வகையையும் நான் பார்த்துவிட்டேன், எழுந்து வந்துவிட்டேன். முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர் ஊசியை நிறுத்தினால் சில நாட்களில் உயிருக்கே ஆபத்து, அதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் பேச்சே கிடையாது. நல்ல துணை யார் என்பது முதல் நாளே தெரிந்துவிடும். அவர் உங்களுக்கு விடை சொல்வதற்கு முன்னால் இரண்டு கேள்வியாவது கேட்பார்.

வீட்டில் இருப்பவர்களை விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு வேறு வேலை தெரியாததால்தான் தட்டைப் பார்க்கிறார்கள், ஒரு வேலையைக் கொடுங்கள். நான் கணவருக்கும் மாமியாருக்கும் ஒன்றே ஒன்றைச் சொல்லிக் கொடுத்தேன். எனக்கு வேர்த்து, நடுங்கி, காரணமில்லாமல் கோபம் வந்தால் மிஷினை எடுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், கால்மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள், ஏறவில்லை என்றால் மறுபடி கொடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். நினைவில்லாமல் கிடந்தால் வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மாமியார்தான் முதலில் கற்றுக்கொண்டார். அவர் சமையலறை மேடையில் ஒரு சின்ன டப்பாவில் சர்க்கரையும் ஸ்பூனும் தனியாக எடுத்து வைத்திருக்கிறார், வேறு யாரையும் அதைத் தொட விடமாட்டார். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் எனக்கு 58-க்கு இறங்கியபோது நான் கேட்பதற்குள் டம்ளர் கையில் இருந்தது. குடித்து முடிக்கும்வரை என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார்.