குறியை எடுத்துவிட்டால்

அன்புள்ள ஐயா,
சேலத்தில் எம்.எஸ்சி. கணிதம் படிக்கிறேன். ஒரு சார்பைச் சைன், கொசைன் அலைகளின் கூட்டலாக எழுதும் ஃபூரியர் தொடர் சீராக, அதாவது எல்லாப் புள்ளியிலும் ஒருசேர, ஒருங்கினாலே சார்பு கிடைத்துவிடுகிறதே? அலைகளைப் பெருக்கும் எண்களான கெழுக்களின் கூட்டல், கழித்தல் குறியை நீக்கிக் கூட்டி, ‘அறுதியாக ஒருங்குகிறதா’ என்று பார்ப்பது வீண் பிடிவாதமாகப் படுகிறது. வீனர் தேற்றம் தேர்வுக்கு வருமா? தமிழில் நல்ல புத்தகம் உண்டா?
– அம்மாபேட்டை மாணவன்

அன்புள்ள தம்பி,

தேர்வை உங்கள் வாத்தியாரிடம் கேளுங்கள். புத்தகம் இன்னொரு நாள். ‘வீண் பிடிவாதம்’ என்றீர்களே, அதற்குத்தான் பதில். போன வாரம் அப்பாவின் பழைய பேரேட்டைத் தூசி தட்டியதிலிருந்து எனக்கு அதே நினைப்பு.

செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவுக்குக் கொலுசுப் பட்டறை. எல்லாம் ரொட்டேஷன். ஒருவரிடம் வெள்ளி கடனுக்கு, இன்னொருவரிடம் கொலுசுப் பணம். பக்கத்தின் அடியில் மிச்சம் எப்போதும் சின்னத் தொகைதான். ஓர் ஐப்பசியில் வெளியூர் வியாபாரி ஒருவர் தரவேண்டியதை இரண்டு மாதம் தள்ளினார். தொகைகள் அதேதான், வரிசைதான் மாறியது. கம்பி இழுக்கும் மெஷினை விற்றோம். அன்று ராத்திரி அப்பா வரவையும் பற்றையும் ஒரே பத்தியில் எழுதிக் கூட்டியிருக்கிறார். நீலப் பென்சில் அழுத்தியதில் தாள் கிழிந்திருக்கிறது.

அறுதி ஒருங்கல் அந்தப் பக்கம்தான். 2 முதல் ஒவ்வொரு எண்ணையும் அதன் இயல் மடக்கையால் பெருக்கி, தலைகீழைக் கெழுவாக்கிச் சைன் தொடர் எழுதுங்கள். சீராக ஒருங்கும், சார்பும் தொடர்ச்சியானது. சைன் தரும் கூட்டல், கழித்தல் குறியை எடுத்துக் கெழுக்களை மட்டும் கூட்டினால்? பத்து லட்சம் வரை கூட்டினால் 3.42. லட்சம் கோடி வரை போனாலும் 4.11தான். பார்க்க எவ்வளவு சாது! ஆனால் அதற்கு முடிவே கிடையாது. ஒன்றையொன்று கழித்துக்கொள்வதில் மட்டுமே அந்தத் தொடர் பிழைத்திருக்கிறது.

கணிதர் பெர்ன்ஸ்டைன் 1914-லேயே சொன்னார்: சார்பு எவ்வளவு வழவழப்பானது என்று காட்டும் ஹோல்டர் அடுக்கு 1/2-ஐத் தாண்டினால் அறுதியாக ஒருங்கும், சரியாக அரை என்றால் போதாது. அறுதியாக ஒருங்கும் தொடர் கொண்ட இரண்டு சார்புகளைப் பெருக்கினாலும் அந்தக் குணம் போகாது. அப்படிப்பட்ட சார்பு எங்கும் பூச்சியமாகாது என்றால் அதன் தலைகீழுக்கும் அதே குணம் என்பதுதான் நீங்கள் கேட்ட வீனர் தேற்றம், 1932. சீராக ஒருங்குவதை மட்டும் நம்பினால் பெருக்கலிலேயே கைவிட்டுவிடும்.

ரஃபாயேல் சேலம் என்றொரு கணிதர். நம் ஊருக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. பாரிஸில் வங்கி உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஃபூரியர் தொடர்களில் உழைத்தவர். குறிகளை நாணயம் சுண்டி முடிவு செய்தால் தொடர் என்ன ஆகும் என்று 1954-இல் சிக்மண்ட் என்ற கணிதரோடு சேர்ந்து எழுதினார். கணக்குப்புத்தகம் பார்த்த மனிதருக்குத்தான் அப்படித் தோன்றும்.

அந்தச் சைன் தொடரின் முதல் இருபது கெழுக்களைக் கூட்டிவிட்டு எழுதுங்கள். மொபைலில் வேண்டாம். பென்சில் எடுங்கள்.