அடைப்புக்குறிக்குள் அப்பா

கேள்வி: அப்பாவின் அச்சகத்தில் நான்கு வருடம் சம்பளத்துக்கு வேலை பார்த்தேன். இப்போது வெளியே வேலை தேடுகிறேன். ஆங்கில விண்ணப்பத்தில் 'ஒர்க்டு' என்பதற்குப் பிறகு இன், அட், ஃபார், வித், அண்டர் இவற்றில் எது சரி? (அப்பாவின் அச்சகம் என்று தெரியாமல் இருந்தால் நல்லது.)

பதில்: தம்பி, இலக்கணத்தை முதலில் முடித்துவிடுவோம், அது சுலபம். நிறுவனத்தின் பெயரைச் சொல்லும்போது அட் போடலாம். யாரிடம் சம்பளம் வாங்கினோம் என்பதை அழுத்திச் சொல்ல ஃபார். பிரிவுக்கும் துறைக்கும் இன், மேலதிகாரிக்கு அண்டர், பதவிக்கு ஆஸ். கூட வேலை பார்த்தவர்களுக்கும் கையாண்ட மென்பொருளுக்கும் வித். தமிழில் 'அச்சகத்தில்', 'பிரிவில்' என்று எல்லாவற்றையும் ஒரே 'இல்' சமாளித்துவிடுவதால், நம் ஆட்கள் ஆங்கிலத்திலும் கண்ணை மூடிக்கொண்டு இன் போட்டுவிடுகிறார்கள். 'ஜாயின்டு' போட்டுக் கம்பெனி பெயரை எழுதினால் நடுவில் ஒன்றுமே வேண்டாம், அங்கேயும் போய் ஒரு இன்னைச் செருகாதீர்கள். உங்களுக்கு 'ஒர்க்டு அட்' போட்டு அச்சகத்தின் பெயர், அப்புறம் 'ஆஸ்' போட்டு நீங்கள் பார்த்த பதவி. தீர்ந்தது.

இப்போது அந்த அடைப்புக்குறி. இந்த மாதிரி கடிதம் எனக்கு அடிக்கடி வரும், கேட்பது ப்ரெபோசிஷனாக இருக்கும், உள்ளே இருப்பது வெட்கமாக இருக்கும். அச்சக முதலாளி உங்கள் அப்பா என்று விண்ணப்பத்தில் எழுதியே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எழுதத் தேவையில்லை என்பது வேறு, தெரியவே கூடாது என்று நினைப்பது வேறு. நான்கு வருடம் அவர் கையால் சம்பளம் வாங்கும்போது வராத கூச்சம், அதை ஒரு தாளில் எழுதும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது? 'உங்கள் மேலாளர் யார்?' என்று நேர்முகத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், அப்போது எந்த ப்ரெபோசிஷன் வந்து காப்பாற்றும்? அப்பாவிடம் வேலை பார்த்தேன் என்று நிமிர்ந்து சொல்லி, அங்கே என்ன செய்தீர்கள் என்பதையும் விவரமாகச் சொன்னால் அதை யாரும் குறைவாக நினைக்கப் போவதில்லை. மழுப்பினால்தான் சந்தேகம் வரும்.

இன்னொன்று, அனுபவச் சான்றிதழ் கேட்டால் கையெழுத்துப் போடப் போவது யார்? வெளியே வேலை தேடுவதை அவரிடம் நீங்கள் இன்னும் சொல்லவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. விண்ணப்பம் ஒரு நாள் தாமதமானால் குடி முழுகிவிடாது, முதலில் அவரிடம் போய் உட்கார்ந்து விஷயத்தைச் சொல்லுங்கள். நீங்கள் போன பிறகு மெஷினை யார் பார்ப்பது என்று அவரும் யோசிக்க வேண்டாமா?