தூங்கத்தானே அறை... வாஷியில் எடுத்தால் என்ன?

கேள்வி: மதுரையிலிருந்து எழுதுகிறேன். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் நான், கணவர், 11 வயது மகள், 67 வயது மாமியார் என நான்கு பேரும் முதல் முறையாக மும்பை போகிறோம். ஐந்து இரவு தங்குவோம். ரயில் டிக்கெட் போக 60,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். கேட்வே ஆஃப் இந்தியா, எலிபெண்டா, மரைன் டிரைவ், சித்தி விநாயகர் கோயில், மகாலட்சுமி கோயில், ஜுஹு கடற்கரை எல்லாம் பார்க்க வேண்டும். ஒரு நாள் செம்பூரில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போக வேண்டும். நான்கு பேர் தங்கும் அறைக்கு, வரி சேர்த்து ஒரு இரவுக்கு வாஷியில் 2,400, தாதரில் 4,000, கொலாபாவில் 6,500 ரூபாய் வருகிறது. "தூங்கத்தானே போகிறோம், வாஷியே போதும்" என்கிறார் கணவர். "கொலாபாவில் எடுங்கள் அண்ணி, நோ காஸ்ட் இ.எம்.ஐ. இருக்கிறது" என்கிறார் கொழுந்தன். மாமியாருக்கு முட்டிவலி உண்டு. எந்த ஏரியாவில் அறை எடுப்பது?

பதில்: முதலில் கொழுந்தன் சொன்னதை முடித்துவிடுவோம். ஐந்து நாள் சுற்றுலாவுக்கு ஆறு மாதம் தவணை கட்ட வேண்டாம். நோ காஸ்ட் என்று பெயர் இருந்தாலும் பிராசஸிங் கட்டணமும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் பெரும்பாலும் சேர்ந்து வரும். கையில் 60,000 இருக்கிறது, அதற்குள் போய்வருவோம்.

உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாஷிக்கும் தாதருக்கும் இரவுக்கு 1,600 வித்தியாசம், ஐந்து இரவுக்கு 8,000. லேசில் விட்டுவிடக்கூடிய தொகை இல்லை. ஆனால் அந்த 8,000 முழுசாக மிஞ்சுமா என்பதைப் பார்க்க வேண்டும்.

மும்பை வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் ஒல்லியான ஊர். லோக்கல் ரயில் பாதைகளும் அப்படியே ஓடுகின்றன. கொலாபா தெற்கு முனையில், தாதர் நடுவில். வாஷி அந்த ஊரே இல்லை. தாணே கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் நவி மும்பை. ஹார்பர் லைன் என்ற லோக்கல் ரயில் பாதையில், தெற்கு மும்பையின் பெரிய நிலையமான சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் (சி.எஸ்.எம்.டி.) போக முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். டிக்கெட் என்னவோ சில்லறைக் காசுதான். திரும்பும்போது வண்டி சி.எஸ்.எம்.டி.யிலேயே கிளம்புவதால் உட்கார இடமும் கிடைக்கலாம். ஆனால் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை, அடுத்தடுத்த நிலையங்களில் ஏறும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வாஷியில் இறங்க வேண்டும். நீங்களும் மகளும் மாமியாரும் லேடீஸ் பெட்டியில், கணவர் பொதுப் பெட்டியில். முட்டிவலிக்காரரைக் கூட்டிக்கொண்டு இதை ஒரு நாள் செய்வீர்கள். மறுநாள் டாக்ஸியைக் கூப்பிடுவீர்கள்.

அப்போது கணக்கு மாறிவிடும். மும்பையில் பிப்ரவரி 2025 முதல் கறுப்பு மஞ்சள் டாக்ஸிக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 31 ரூபாய்; ஒன்றரை கிலோமீட்டருக்குப் பிறகு கிலோமீட்டருக்கு 20 ரூபாய்க்குச் சற்று மேல். கேட்வேயிலிருந்து வாஷி ஏறத்தாழ 30 கிலோமீட்டர். 2024 அக்டோபரிலிருந்து வாஷி டோலில் கார்களுக்குக் கட்டணம் இல்லை என்பது ஒரு ஆறுதல். அப்படியும் ஒரு முறைக்கு 600, 700 ஆகும். செயலியில் கூப்பிட்டால் நெரிசல் நேரத்தில் இன்னும் ஏறும். காலையில் ரயில், இரவு டாக்ஸி என்று வைத்தாலே நாளைக்கு 800. செம்பூர் போகும் நாளை விட்டுவிட்டால் சுற்றிப்பார்க்க நான்கு நாள், மொத்தம் 3,200. தாதரிலிருந்து மெட்ரோவில் போய்வர நான்கு பேருக்கு நாளைக்கு 300 என்று தாராளமாகவே போட்டாலும் 1,200. ஆக 8,000 மிச்சம் 6,000 ஆகிவிட்டது.

அடுத்தது நேரம். இந்தக் கணக்கை நான் எல்லாரிடமும் போட்டுப் பார்க்கச் சொல்வேன். 60,000 ரூபாயில் ஐந்து நாள், ஒரு நாளைக்கு 12,000. ஊர் சுற்றும் நேரம் நாளைக்குப் பத்து மணி நேரம் என்றால் உங்கள் பயணத்தின் ஒரு மணி நேரம் 1,200 ரூபாய். வாஷியில் தங்கினால் போக வர நாளைக்கு ஒன்றரை மணி நேரமாவது கூடுதலாகப் போகும். நான்கு நாளில் ஆறு மணி நேரம், 7,200 ரூபாய். 6,000 மிச்சம் பிடிக்க 7,200 செலவு.

இதில் வித்தியாசம் பெரிதாக இல்லை என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். நீங்களும் கணவரும் மட்டும் போகிறீர்கள் என்றால், சரி, வாஷியே எடுங்கள் என்று சொல்லியிருப்பேன். இங்கே தராசைச் சாய்ப்பவர் உங்கள் மாமியார். எலிபெண்டா குகைக்கு ஏற 120 படி இருக்கிறது. அன்றைக்கு அவர் வரமாட்டார். மற்ற நாளிலும் மத்தியானம் இரண்டு மணிக்குக் கால் வீங்கிவிட்டால் அறைக்குப் போய்ப் படுக்க வேண்டும். தாதரிலிருந்தால் கணவர் அவரைக் கொண்டுவிட்டு ஒன்றரை மணி நேரத்தில் திரும்பிவிடலாம். வாஷி என்றால் அந்த நாள் நால்வருக்கும் அத்தோடு முடிந்தது. "தூங்கத்தானே" என்பது ராத்திரி மட்டும் தூங்குகிறவர்களுக்குப் பொருந்தும்.

கொலாபாவையும் இதே கணக்கில் வையுங்கள். தாதரைவிட 12,500 கூடுதல். கேட்வே, எலிபெண்டா, மரைன் டிரைவ் எல்லாம் பக்கத்தில் என்பதால் இரண்டு நாள் தலா ஒரு மணி நேரமும் மெட்ரோ செலவும் மிஞ்சும். எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய் மதிப்பு. ஜுஹுவும் செம்பூரும் போகிற நாட்களில் கொலாபாதான் தூரம். இரண்டே இரவு தங்கி, தெற்கு மும்பையை மட்டும் பார்க்கிறவர்களுக்கு அது சரியான இடம். உங்களுக்கு இல்லை.

ஆகவே தாதர். ஆனால் தாதர் என்று சொல்லிவிட்டால் போதாது. வெஸ்டர்ன் லைனும் சென்ட்ரல் லைனும் சந்திக்கும் நிலையம் அது; தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் கிழக்கு, அந்தப் பக்கம் மேற்கு. வரைபடத்தில் 300 மீட்டர் என்று காட்டும் ஓட்டல் எதிர்ப்பக்கம் இருந்தால், ரயில்வே மேம்பாலம் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். டிசம்பர் விடுமுறைக் கூட்டத்தில், பெட்டியோடு, முட்டிவலியோடு. உங்களுக்கு மேற்குத் தாதர்தான் வசதி. 2025 அக்டோபரில் முழுசாகத் திறந்த மூன்றாம் மெட்ரோ பாதையின் தாதர் நிலையம் அந்தப் பக்கம் இருக்கிறது. நிலையத்தில் லிஃப்ட் உண்டு. அங்கிருந்து சித்தி விநாயகர் அடுத்த நிலையம். அதே பாதையில் மகாலட்சுமி, சி.எஸ்.எம்.டி., சர்ச்கேட் எல்லாம் வருகின்றன. கட்டணம் தூரத்தைப் பொறுத்து 10 ரூபாயிலிருந்து 70 வரை. அறை தேடும்போது "தாதர்" என்று தேடாமல், இந்த மெட்ரோ நிலைய வாசலிலிருந்து பத்து நிமிட நடைக்குள் என்று தேடுங்கள். செம்பூர் சித்தி வீட்டுக்கு மட்டும் ரயில் வேண்டாம், குர்லாவில் மாற வேண்டியிருக்கும். டாக்ஸியில் ஏறினால் மீட்டர்படி 200 ரூபாயை ஒட்டித்தான் வரும். ஆட்டோவை அங்கே தேடாதீர்கள்; பாந்த்ரா, சயான் தாண்டித் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதி கிடையாது.

பக்கத்தில் மாதுங்கா இருக்கிறது, நம்மவர்கள் பல தலைமுறையாக வாழும் இடம். அங்கே அறை கிடைத்தால் மாமியார் சந்தோஷப்படுவார், ஆனால் விடுதிகள் குறைவு. அறை தாதரில் இருக்கட்டும், காலை டிபனுக்கு மாதுங்கா போங்கள். இட்லி, ஃபில்டர் காபி, இலைச்சாப்பாடு எல்லாம் அளவான விலையில் கிடைக்கும். கொலாபாவில் நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிட்ட பில்லோடு ஒப்பிட்டால் இதிலும் கொஞ்சம் மிஞ்சும்.

நானும் இந்தத் தப்பைச் செய்தவன்தான். சில வருடங்களுக்கு முன் ஐதராபாத் போனபோது, இரவுக்கு 800 ரூபாய் குறைவு என்று விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்தேன். விமான நிலையம் ஊரிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, ஷம்ஷாபாத்தில் இருக்கிறது என்பதைப் பணம் கட்டிய பிறகுதான் வரைபடத்தில் பார்த்தேன். மிச்சப்படுத்திய 2,400 ரூபாயை இரண்டாம் நாள் மாலைக்குள் காருக்குக் கொடுத்தாயிற்று. கோல்கொண்டா பார்க்காமலேயே திரும்பினோம்.

பணம் கட்டுவதற்கு முன் ஓட்டலுக்கு நேரடியாகப் போன் செய்யுங்கள். நான்கு பேருக்கு என்றால் கூடுதல் கட்டிலா, தரையில் மெத்தையா? லிஃப்ட் தரைத்தளத்திலிருந்தே ஏறுகிறதா? பழைய மும்பைக் கட்டடங்கள் சிலவற்றில் அரை மாடி ஏறின பிறகுதான் லிஃப்டே தொடங்கும். செக் இன் எத்தனை மணிக்கு? உங்கள் ரயில் விடிகாலையில் போய்ச் சேர்ந்து, அறை பன்னிரண்டு மணிக்குத்தான் என்றால், முன்னதாக அறை கொடுக்க எவ்வளவு கேட்கிறார்கள் என்பதையும் 4,000-த்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு இப்போது ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், 2025 செப்டம்பர் 22-க்கு முன்னால்தான் 12. பழைய விகிதத்தைச் சொன்னால் கேளுங்கள். ரயில் எந்த நிலையத்தில் முடிகிறது என்பதையும் டிக்கெட்டில் பாருங்கள். லோகமான்ய திலக் டெர்மினஸ் என்றால் அது குர்லாவில் இருக்கிறது. அங்கிருந்து தாதருக்கு டாக்ஸிக்கு 300 தனியாக வையுங்கள்.

போக வர இரண்டு டிக்கெட்டும் உறுதியாகிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்றாவது வெயிட்டிங் லிஸ்ட்டில் இருந்தால், ரத்து செய்தால் பணம் திரும்பாத சலுகை விலையைத் தொடாதீர்கள். இரவுக்கு 300 கூடுதலாக இருந்தாலும் ரத்து செய்யக்கூடிய அறையையே இப்போது எடுத்து வையுங்கள். இரண்டும் உறுதியானதும் விலையை மறுபடி பாருங்கள், குறைந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். எலிபெண்டாவைத் திங்கட்கிழமை வைத்துக்கொள்ளாதீர்கள், அன்று விடுமுறை. செவ்வாய்க்கிழமை சித்தி விநாயகர் கோயிலில் வரிசை நீளம், மாமியாரைக் கூட்டிக்கொண்டு வேறு நாள் போங்கள்.