மூன்றாம் ஆண்டோடு கல்லூரியை விட்டுவிட்டு என்.எஃப்.எல்.லுக்குப் போகலாமா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. திருமணத்துக்குப் பிறகு டெக்சாஸில் இருக்கிறேன். கணவர் லூசியானாக்காரர், சின்ன வயதில் அமெரிக்கக் கால்பந்து (கையில் பந்தைப் பிடித்து ஆடுவது) ஆடியவர். மகனுக்கு 21 வயது. ஒரு பெரிய பல்கலைக்கழக அணியில் லைன்பேக்கர், அதாவது எதிரணியை மோதி மறிக்கும் தடுப்பாட்டக்காரன். மூன்றாம் ஆண்டு படிக்கிறான். முதல் இரண்டு வருடம் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தான். இந்த சீசனில்தான் எல்லா ஆட்டத்திலும் இறங்கினான், நன்றாகவும் ஆடினான். இப்போது என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கின் டிராஃப்ட்டுக்கு, அதாவது அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு, பெயர் கொடுக்கப் போகிறேன் என்கிறான். மூன்றாம் சுற்றில் எடுத்துவிடுவார்கள் என்கிறார் ஏஜென்ட் ஒருவர். என்.எஃப்.எல். அறிவுரைக் குழுவிடமிருந்து வந்த பதிலோ, கல்லூரியிலேயே தொடர்வது நல்லது என்கிறது. இன்னும் ஒரு வருடம் இருந்தால் மூன்றரை லட்சம் டாலர் தருவதாகக் கல்லூரியும் சொல்கிறது. கணவர் அவன் பக்கம். "டிகிரி முடிக்காமல் பந்து விளையாடப் போகிறானா?" என்று ஊரிலிருந்து அண்ணன் தினமும் போன் செய்கிறார். எனக்கோ அடிபடுவதை நினைத்தால்தான் பயம். என்ன செய்வது?
(பெயர் வேண்டாம், டாலஸ்)

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் அண்ணனின் கவலையைப் பார்த்துவிடுவோம். தினமும் போன் வருகிறதே! டிகிரி பாதியில் நின்றுவிடுமே என்ற பயத்தில் மட்டும் இந்த முடிவை எடுக்காதீர்கள். எம்மிட் ஸ்மித் 1990-ல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தை மூன்றாம் ஆண்டோடு விட்டுவிட்டு டாலஸ் கௌபாய்ஸ் அணிக்குப் போனார். டாலஸ்காரர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பட்டம் வாங்குவேன் என்று அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை 1996-ல் நிறைவேற்றினார். அதற்குள் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை மூன்று முறை வென்றிருந்தார். 2011 டிராஃப்ட்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட கேம் நியூட்டனும் லீக்கில் ஆடிக்கொண்டே 2015-ல் ஆபர்னில் பட்டம் முடித்தார். படிப்பை எப்போது வேண்டுமானாலும் தொடரலாம். டிராஃப்ட் அப்படியில்லை. பெயர் கொடுத்தபின் மனம் மாறினால் சில நாட்களுக்குள் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அது தாண்டிவிட்டால், எந்த அணியும் எடுக்காவிட்டாலும், கல்லூரி ஆட்டத்துக்குத் திரும்ப வழி கிடையாது.

இன்னொன்றையும் அண்ணனிடம் சொல்லுங்கள். பேட்டன் மானிங் என்ற புகழ்பெற்ற வீரர் டென்னசி பல்கலைக்கழகத்தில் மூன்றே ஆண்டில் பட்டத்தை முடித்துவிட்டார். 1997-ல் போயிருந்தால் முதலிலேயே எடுத்திருப்பார்கள் என்றுதான் எல்லோரும் பேசினார்கள். ஆனாலும் நான்காம் வருடம் அங்கேயே ஆடினார். 1998-ல் முதல் ஆளாகவே இண்டியானாபோலிஸ் அணிக்குப் போனார். பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கல்லூரியிலேயே தங்கியவரும் உண்டு, பட்டம் இல்லாமல் போய் நன்றாக வந்தவரும் உண்டு. ஆகவே படிப்பை இந்தக் கணக்கிலிருந்து எடுத்து ஓரமாக வைத்துவிடலாம்.

அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்? இன்னும் ஒரு வருடம் ஆடினால் உங்கள் மகனைப் பற்றி அணிகள் நினைப்பது மாறுமா, மாறாதா? என்னைக் கேட்டால் இந்த ஒரு கேள்விதான் முக்கியம்.

அறிவுரைக் குழு மூன்று விதமாகத்தான் பதில் சொல்லும்: முதல் சுற்றில் போக வாய்ப்புண்டு, இரண்டாம் சுற்றில் போக வாய்ப்புண்டு, இரண்டும் இல்லையென்றால் கல்லூரியில் இரு. உங்கள் வீட்டுக்கு வந்தது மூன்றாவது. அதற்காகப் பையன் லாயக்கில்லை என்று அர்த்தமில்லை. மூன்றாம் சுற்றில் போகக்கூடியவனுக்கும், ஏழாம் சுற்றில் போகக்கூடியவனுக்கும், யாருமே எடுக்காதவனுக்கும் அதே பதில்தான் வரும். ஏஜென்ட் சொல்வது பொய்யாக இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் அவர் சொல்லும் மூன்றாம் சுற்றுக்கு இந்தப் பதிலில் ஆதாரம் எதுவும் இல்லை.

அடுத்து, ஏன் அந்தப் பதில் வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். உயரம் போதாது, கை நீளம் போதாது என்பது காரணமானால், 21 வயதுப் பையனுக்கு ஒரு வருடத்தில் அது மாறப்போவதில்லை. அப்படியிருந்தால் இருந்து பயனில்லை, கிளம்பட்டும் என்றே சொல்வேன். வயது ஏற ஏற அணிகளின் ஆர்வமும் குறையும். ஆனால் "இவன் ஆடி நாங்கள் பார்த்ததே ஒரு சீசன்தான்" என்பது காரணமானால், அதைச் சரிசெய்ய இன்னொரு சீசன் ஆடுவதைத் தவிர வேறு வழியில்லை. உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் இரண்டாவதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

ஒரே சீசன் என்ன செய்யும் என்பதற்கு ஜோ பர்ரோவைப் பாருங்கள். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியில் இடம் கிடைக்காமல் எல்.எஸ்.யு.வுக்கு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) மாறியவர். 2018-ல் அவர் ஆடியதைப் பார்த்து முதல் சுற்று என்று யாரும் பேசவில்லை. 2019-ல் ஆடிய ஆட்டத்துக்குச் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது, தேசிய சாம்பியன் பட்டம், 2020 டிராஃப்ட்டில் முதல் இடம் எல்லாம் வந்தன. உங்கள் கணவர் லூசியானாக்காரர் என்கிறீர்கள், இந்தக் கதையை என்னைவிட நன்றாகச் சொல்வார்.

இதற்கு நேர்மாறான கதையும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. யு.எஸ்.சி.யின் (தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) மாட் பார்க்லி 2011 சீசன் முடிந்ததுமே போயிருந்தால் முதல் சுற்று நிச்சயம் என்ற பேச்சு இருந்தது. இன்னும் ஒரு வருடம் என்று தங்கினார். அணி சொதப்பியது, சீசன் கடைசியில் அவருக்குத் தோளில் அடி. 2013-ல் நான்காம் சுற்றில், 98-வது ஆளாகத்தான் போனார். ஆனால் பார்க்லியிடம் இழக்க ஒரு முதல் சுற்று இருந்தது, உங்கள் மகனிடம் இப்போதைக்கு அது இல்லை. குழு "முதல் சுற்று" என்று சொல்லியிருந்தால், இன்றே பெயர் கொடுக்கச் சொல்லுங்கள் என்று இரண்டே வரியில் பதில் எழுதி முடித்திருப்பேன்.

உங்கள் மகன் ரன்னிங் பேக்காக, அதாவது பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவனாக, இருந்திருந்தாலும் என் பதில் மாறியிருக்கும். அந்த இடத்தில் ஆடுபவர்களுக்கு முழங்கால்தான் மூலதனம். சௌத் கரோலினா பல்கலைக்கழகத்தின் ரன்னிங் பேக் மார்கஸ் லாட்டிமோரை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. 2012 அக்டோபரில், மூன்றாம் வருடத்தில், ஆட்டத்தின் நடுவே முழங்கால் நொறுங்கியது. அப்படியும் சான் பிரான்சிஸ்கோ அணி அவரை நான்காம் சுற்றில் எடுத்தது. ஒரு ஆட்டம்கூட ஆடாமல் 2014-ல் விலகிவிட்டார். அடிபடுவதற்குள் சீக்கிரமே கிளம்பிவிடலாம் என்றாலும் முடியாது: பள்ளி முடித்து மூன்று வருடம் ஆகாதவரை என்.எஃப்.எல். சேர்த்துக்கொள்ளாது. அந்த விதியை எதிர்த்து மாரிஸ் கிளாரெட் என்ற ஒஹாயோ ஸ்டேட் வீரர் வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றத்தில் வென்றார், 2004-ல் மேல்முறையீட்டில் தோற்றார். விதி இன்றும் அப்படியே நிற்கிறது.

சரி, பணம். பழைய நாட்களில் இது படிப்பா பணமா என்ற கேள்வியாக இருந்தது. கல்லூரி உதவித்தொகை மட்டும்தான் தரும், வெளியே போனால் லட்சங்கள். 2021 ஜூலையில் மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆனது. 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தருகின்றன. ஒரு கல்லூரிக்கு முதல் வருட உச்சவரம்பு, எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து, சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். விளைவு என்ன தெரியுமா? 2021-ல் கல்லூரியில் ஆட இன்னும் வருடம் மீதமிருக்கும்போதே டிராஃப்ட்டுக்கு வந்தவர்கள் நூற்றுக்கும் மேல். 2024-ல் அறுபதைக்கூடத் தொடவில்லை.

உங்கள் மகனுக்குக் காட்ட வேண்டிய பெயர் குவின் யூவர்ஸ். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக்காக (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) இருந்தவர், உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தவர்தான். இன்னும் ஒரு வருடம் கல்லூரியில் ஆடியிருக்கலாம். வேறு கல்லூரிக்கு மாறினால் பல மில்லியன் டாலர் தரத் தயாராக இருந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. 2025 டிராஃப்ட்டுக்குப் போனார். ஏழாம் சுற்றில், 231-வது ஆளாக மயாமி அணி எடுத்தது. நான்கு வருட ஒப்பந்தம் சுமார் 43 லட்சம் டாலர். அதில் நிச்சயமாகக் கையில் வருவது முன்பணம் மட்டுமே. அந்தச் சுற்றில் அது ஒரு லட்சம் டாலரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

இந்த முன்பண விஷயத்தை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். என்.எஃப்.எல். ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் மொத்தத் தொகை வேறு, கைக்கு வருவது வேறு. முதல் சுற்றில் போகிறவருக்கு ஏறக்குறைய முழுத் தொகைக்கும் உறுதி உண்டு. கீழ்ச் சுற்றுகளில் முன்பணம் போக மீதியெல்லாம் அணியில் இருக்கும்வரைதான். 53 பேர் கொண்ட அணியில் இடம்பிடித்தால் புதியவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 கணக்கில் 8 லட்சத்து 40 ஆயிரம் டாலர். ஆகஸ்டில் அணியைச் சுருக்கும்போது வெட்டிவிட்டால் அதில் ஒரு காசும் வராது. பயிற்சி அணியில் வைத்துக்கொண்டால் வாரச் சம்பளம், வாரத்துக்கு வாரம் நிச்சயமில்லை. இதையெல்லாம் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கல்லூரி தருவதாகச் சொல்லும் மூன்றரை லட்சம் டாலர் சின்னத் தொகையாகத் தெரியவில்லை. அதற்காக அவன் யாரையும் முந்திக்கொண்டு அணியில் இடம்பிடிக்க வேண்டியதில்லை.

பையன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, கேளுங்கள். என்.எஃப்.எல்.லில் உண்மையான பணம் இரண்டாவது ஒப்பந்தத்தில்தான். முதல் ஒப்பந்தம் நான்கு வருடம், மூன்று சீசன் முடியும்வரை அதைத் திருத்தவும் முடியாது. ஒரு வருடம் தள்ளிப்போனால் அந்தப் பெரிய ஒப்பந்தமும் ஒரு வருடம் தள்ளிப்போகும். கூட்டிக் கழித்துப் பார்க்கத் தெரிந்த பையன்தான். ஆனால் கீழ்ச் சுற்றில் போகிறவர்களில் பலர் இரண்டாவது ஒப்பந்தம்வரை போய்ச் சேருவதே இல்லை என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். தலையில் அடிபடுவதைப் பற்றி பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல வருடமாகச் சொல்லி வருவது ஒன்றுதான்: எத்தனை வருடம் ஆடினார்கள் என்பதைப் பொறுத்து மூளைப் பாதிப்புக்கான வாய்ப்பும் கூடுகிறது. கல்லூரி வருடமும் அதில் ஒரு வருடம்தான். லைன்பேக்கர் ஒவ்வொரு ஆட்டத்திலும் இடித்துக்கொண்டே இருப்பவர். ஆகவே இருந்தால் பத்திரம், போனால் ஆபத்து என்று பிரித்துப் பேச முடியாது. எத்தனை வருடம் ஆடப்போகிறான் என்பதைப் பற்றி அவனோடு தனியாக, இந்த டிராஃப்ட் பேச்சு அடங்கிய பிறகு பேசுங்கள். இண்டியானாபோலிஸ் அணியின் ஆண்ட்ரூ லக், முந்தைய சீசனில் நன்றாக ஆடியிருந்தும், அடுத்தடுத்து வந்த காயங்களால் 29 வயதில் போதும் என்று விலகினார். அப்படி நிறுத்திக்கொள்ளலாம் என்பதும் பையனுக்குத் தெரிந்திருக்கட்டும்.

என் பதில்: இந்த வருடம் வேண்டாம், இருக்கட்டும். ஆனால் சும்மா இருக்கக் கூடாது. கல்லூரி சொல்லும் தொகை வாய்வார்த்தையாக இருந்தால் அதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒப்பந்தமாக எழுதி, வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடட்டும். பாதி சீசனில் அடிபட்டால் மீதித் தொகை வருமா என்ற வரியை அதில் தேடச் சொல்லுங்கள். கோச்சிடம் நேராகக் கேட்கட்டும்: அடுத்த சீசனில் என்னை எந்த இடத்தில் ஆடவைப்பீர்கள், தடுப்பாட்டக் கோச் இருப்பாரா மாறுகிறாரா? புதிதாக வருபவர் வேறு விதமாக ஆடவைத்தால், நாம் பேசிய அந்த இரண்டாவது சீசனே வீணாகிவிடும். கோச் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் பையன் தங்கினால் அவருக்கும் லாபம்தான், ஏஜென்ட்டுக்கு அவன் போனால் லாபம் என்பதுபோல. அடிபட்டால் இழப்பை ஈடுகட்டும் காப்பீடும் உண்டு. நோட்ரடேம் பல்கலைக்கழகத்தின் ஜேலன் ஸ்மித் 2016 புத்தாண்டு ஆட்டத்தில் முழங்கால் போய் இரண்டாம் சுற்றுக்கு இறங்கியபோது, முன்கூட்டி எடுத்த காப்பீடுதான் ஓரளவு கைகொடுத்தது. அது பெரும்பாலும் மேல் சுற்று வீரர்களுக்குத்தான் எளிதில் கிடைக்கும், இருந்தாலும் கல்லூரியில் விசாரித்துவிடுங்கள்.

ஏஜென்ட் மறுபடி போன் செய்தால், மூன்றாம் சுற்று என்று சொன்னது எந்த அணியின் ஸ்கவுட் (வீரர்களைப் பார்த்து மதிப்பிடுபவர்) என்று கேளுங்கள். ஒரு பெயராவது சொல்லட்டும். ஒன்றுக்கு மூன்று அணிகளின் பெயரைச் சொல்லி, அதை உங்கள் கணவரும் வேறு வழியில் விசாரித்து உறுதி செய்தால், எனக்கு மறுபடி எழுதுங்கள், என் பதிலையும் மாற்றிக்கொள்வேன். ஜனவரி நடுவில் கெடு முடிகிறது, அதற்குள் எழுத வேண்டும். அதுவரை பையன் எந்த ஏஜென்ட்டின் காகிதத்திலும் கையெழுத்துப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.