அலையாத்திக் காடும் கரிமமும்

கேள்வி: அலையாத்திக் காடுகள் மழைக்காடுகளையும் மிஞ்சும் அளவுக்குக் கரிமத்தைச் சேமிக்கின்றன என்று படித்தேன். ஆளுயர மரங்களால் இது எப்படி முடிகிறது? வெட்டப்பட்டதற்கு ஈடாக வேறிடத்தில் நட்டுவிட்டால் போதாதா?

பதில்: ஆற்று முகத்துவாரங்களில் முப்பது மீட்டரைத் தாண்டும் அலையாத்தி மரங்களும் உண்டு. ஆனாலும் மரத்தை மட்டும் அளந்தால் தங்கள் ஐயம் தீராது. பெரும்பங்குக் கரிமம் காலடிச் சேற்றில்தான் இருக்கிறது. இந்தோ-பசிபிக் பகுதியில் 25 அலையாத்திக் காடுகளை அளந்து 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வு, ஹெக்டேருக்குச் சராசரியாக 1,023 டன் கரிமம் இருப்பதாகவும், அதில் 49 முதல் 98 விழுக்காடு வரை மண்ணில் இருப்பதாகவும் கணக்கிட்டது. வறண்ட கரையோரக் காடுகளுக்கு இந்த எண் பொருந்தாது.

அந்தச் சேற்றில் காலை அழுத்தி எடுத்தால் அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று எழும். மூக்கைப் பொத்திக்கொள்ள வைக்கும் அந்த நாற்றமே தங்கள் கேள்விக்கு விடை சொல்கிறது. நீரில் ஊறிய சேற்றில் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. மரங்கள் சேற்றுக்கு மேலே பென்சில் நட்டதுபோல் மூச்சுவேர்களை நீட்டுவதும் இதனால்தான். ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில், கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டு வாழும் பாக்டீரியாக்கள் இலையையும் வேரையும் மெல்ல மெல்லவே சிதைத்து, அந்த நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளிவிடுகின்றன. சல்பேட் இருக்கும் இடத்தில், புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு உருவாவதும் குறைகிறது என்பது கூடுதல் ஆதாயம். இதற்கிடையே, வேர்களுக்கிடையில் வேகம் குறையும் நீரிலிருந்து வண்டல் படிந்து, பழையதை மூடிக்கொண்டே போகிறது.

ஆனால் இந்த வண்டல் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவே படிவதால், ஒரு மீட்டர் சேற்றுக்குப் பின்னால் சில நூற்றாண்டுகள் இருக்கும். காட்டை வெட்டி இறால் குளம் தோண்டும்போது அச்சேறு காற்றுபடக் கிடக்கிறது. புதைந்திருந்த கரிமம் கரியமில வாயுவாகி வெளியேறுகிறது. ஒரு டன் கரிமம் ஏறத்தாழ 3.67 டன் கரியமில வாயுவாகும். வேறிடத்தில் நடும் கன்று தன் கணக்கை முதலிலிருந்து தொடங்குகிறது, அதுவும் பிழைத்தால்தான். எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக நெடுநேரம் நீரில் மூழ்கும் தாழ்ந்த சேற்றுத்திட்டில் நட்ட கன்றுகள் பெரும்பாலும் மடிந்துபோகின்றன. கைவிடப்பட்ட குளங்களின் கரையை உடைத்து, ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) முன்போல் வந்துபோக வழிவிட்டால், அருகில் தாய்மரங்கள் இருக்கும் பட்சத்தில், மரத்திலேயே முளைவிட்ட நாற்றுகள் மிதந்து வந்து தாமாகவே வேர்பிடிப்பதுண்டு.