இயர் பேட் மாற்றும் முன்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, என் சோனி எம்.டி.ஆர் 7506 ஹெட்ஃபோனை இரண்டு வருடம் பெட்டியிலேயே வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் காதைச் சுற்றி அமரும் பேட் கறுப்புச் செதிலாக உதிர்கிறது. பயன்படுத்தாமலே எப்படிக் கெட்டது?

பதில்: மேலே இருப்பது பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோல். காற்றிலுள்ள ஈரமே அந்தப் பூச்சை மெல்ல மெல்லச் சிதைக்கிறது. வியர்வையும் தலை எண்ணெயும் வேகத்தைக் கூட்டும், அவ்வளவுதான். சென்னை, தூத்துக்குடிப் புழுக்கத்தில் பெட்டிக்குள்ளும் அது நடக்கும். ‘புரோட்டீன் லெதர்’ என்று விற்பதும் செயற்கைத் தோல்தான். நீண்ட நாள் உழைக்க வேண்டுமென்றால் அசல் ஆட்டுத்தோல் பேட் பாருங்கள்.

கேள்வி: ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ் ஹெட்ஃபோன் வைத்திருக்கிறேன். வெயில் காலத்தில் காது வேகிறது. வெல்வெட் போன்ற வெலூர் துணி பேட் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் பேஸ் (கனத்த, தாழ்ந்த ஒலி) குறையும் என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். இயர் பேடை வெறும் மெத்தை என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. உங்களுடையது கப்பின் பின்புறம் அடைபட்ட, மூடிய வகை ஹெட்ஃபோன். காதைச் சுற்றிக் காற்று கசியாமல் அடைபட்டால்தான் அதில் கனத்த ஒலி நிற்கும். வெலூர் துணி காற்றை விடும். அதனால்தான் குளிர்ச்சி, அதனால்தான் பேஸ் இழப்பும்.

வெலூரே மோசம் என்று சொல்லவில்லை. பேயர்டைனமிக் டி.டி 770 மூடிய வகைதான். அது பெரும்பாலும் வெலூர் பேடுடனேயே விற்பனைக்கு வருகிறது. அந்தத் துணியை மனத்தில் வைத்தே அதன் ஒலியை அமைத்திருக்கிறார்கள். உங்களுடையதை அப்படி அமைக்கவில்லை.

ஒரு சோதனை சொல்கிறேன். நல்ல மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்றை ஓடவிடுங்கள். இரண்டு கப்பையும் உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். மிருதங்கத்தின் கனத்த பக்கமான தொப்பியின் ‘தொம்’ சட்டென்று பெருத்தால் பேட் கசிகிறது என்று பொருள். பழைய பேடிலும் இதைச் செய்து பாருங்கள். மாற்றும் வேளை வந்துவிட்டதா என்று காதே சொல்லிவிடும். வெலூருக்கும் தோலுக்கும் நடுவே ஒரு வழி உண்டு: காதைத் தொடும் முகம் மட்டும் துணி, சுற்றுச் சுவர் தோல். உங்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

கேள்வி: இரைச்சல் நீக்கும் ஹெட்ஃபோனில் தடித்த பேட் போட்டேன். பஸ் இரைச்சல் முன்பைவிட அதிகம் கேட்கிறது. பழுதா?

பதில்: பழுது இல்லை. அந்த வகைகள் பலவற்றில் இரைச்சலைக் கேட்டு நீக்குவதற்காகக் கப்புக்குள்ளேயே ஒரு மைக் இருக்கிறது. பழைய பேட் விட்ட இடைவெளிக்கு ஏற்பவே அதன் கணக்கு அமைந்திருக்கிறது. தடிமன் மாறினால் அந்தக் கணக்குத் தவறும். கம்பெனியின் சொந்த பேடையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அதே தடிமனில் வாங்குங்கள். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

கேள்வி: கண்ணாடி அணிபவள் நான். எது நல்லது?

பதில்: கண்ணாடிக் காம்பு பேடைத் தூக்கிக் கசிவு உண்டாக்கும். மெமரி ஃபோம் காம்பைச் சுற்றி அமுங்கிக்கொள்ளும், அம்மா. மெல்லிய காம்பு இன்னும் நல்லது.

கேள்வி: அளவு எப்படி எடுப்பது?

பதில்: பேடை அளக்காதீர்கள், கப்பை அளந்து பாருங்கள். நீளம், அகலம் இரண்டும் வேண்டும். பேட் பொருந்தும் விதத்தையும் பாருங்கள்: சிலவற்றில் பிளாஸ்டிக் கொக்கி, சிலவற்றில் விளிம்பின் மேல் இழுத்து மாட்டும் மடிப்பு. உங்கள் மாடல் பெயர் போட்டு விற்கும் பேட் இருந்தால் இந்தக் கவலையே இல்லை. பழையதைக் கழற்றும்போது ஸ்பீக்கர் முன்னால் மெல்லிய ஃபோம் வட்டு இருந்தால் தூக்கி எறிந்துவிட வேண்டாம். அது போனால் உயர் ஸ்தாயி ஒலி காதைக் கூசவைக்கும்.